வெள்ளைத் திரை மஞ்சளாவது ஏன்? வாசகர் கேள்வி – பதில்

மானிட்டரில் நிறம் மாறித் தெரிவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பல பதில்களில் "மானிட்டரின் சொந்த மெனு" என்று வரும். மானிட்டரின் விளிம்பிலோ அடியிலோ உள்ள பட்டனை அழுத்தினால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் என்று திரையில் எழும் பெட்டியைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

கேள்வி: கடையில் பில் போடும் கணினியின் திரை இரண்டு நாளாக முழுக்க மஞ்சளாக இருக்கிறது. பின்னால் உள்ள வயரை அசைத்தால் சில நொடி சரியாகிறது, மறுபடி மஞ்சள். மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் மெக்கானிக். வாங்கத்தான் வேண்டுமா?
— மளிகைக் கடைக்காரர், கோவில்பட்டி

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். வயரை அசைத்தால் சரியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். அந்த மெனுவை மானிட்டருக்குள் இருக்கும் சில்லுதான் வரைகிறது. அது கேபிள் வழியாக வருவதில்லை. பின்னணி மஞ்சளாக இருக்கும்போதே மெனுவின் வெள்ளை எழுத்து வெள்ளையாகத் தெரிந்தால், பேனலும் (படம் காட்டும் தகடு) அதன் பின்னால் ஒளி தரும் பேக்லைட்டும் நன்றாக இருக்கின்றன. குறை அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து மஞ்சளாக இருந்தால்தான் மெக்கானிக் சொன்னதை யோசிக்க வேண்டும்.

பில் போடும் கணினிகளில் நீலத் தலை கொண்ட விஜிஏ கேபிள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. உங்களுடையதும் அதுதான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். 1987ல் ஐபிஎம் கொண்டுவந்த இணைப்பு அது. மூன்று வரிசையில் 15 ஊசிகள். 1ஆம் ஊசியில் சிவப்பு, 2ல் பச்சை, 3ல் நீலம். மூன்றும் தனித்தனிக் கம்பியில், 0 முதல் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அனலாக் சிக்னலாகப் போகின்றன. ஒரு கம்பி அறுந்தால் படம் நிற்காது. அந்த நிறம் மட்டும் காணாமல் போகும். வெள்ளையிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிவப்பும் பச்சையும். இரண்டு ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். ஆக, நீங்கள் தேட வேண்டியது 3ஆம் ஊசியின் பாதையை. பச்சை போயிருந்தால் திரை மஜந்தாவாகவும் (அடர் இளஞ்சிவப்பு), சிவப்பு போயிருந்தால் சயானாகவும் (நீலப்பச்சை) மாறியிருக்கும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பி என்று சொல்லிவிடலாம்.

கணினி, மானிட்டர் இரண்டையும் அணைத்து, கேபிளை இரு முனையிலும் கழற்றுங்கள். ஊசிகள் உங்களைப் பார்க்க, அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால் மேல் வரிசையில் இடது ஓரம் 1ஆம் ஊசி. அதே வரிசையில் மூன்றாவது மடங்கியோ உள்ளே போயோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மடங்கியிருந்தால், லெட் எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஊசியின் மேல் செருகி மெல்ல நிமிர்த்தலாம். இடுக்கியால் இழுத்தால் முறிந்துவிடும். நடு வரிசையில் 9ஆம் ஊசி பல கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "ஊசி உடைந்திருக்கிறது" என்று கேபிளைத் தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அது குறை அல்ல.

ஊசி சரியாக இருந்தால் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையின் 3ஆம் ஊசிக்கும் மறு முனையின் 3ஆம் ஊசிக்கும் 'பீப்' வருகிறதா என்று பாருங்கள். பார்க்கும்போதே தலைக்கு அருகில் கேபிளை வளைத்து ஆட்டுங்கள். கம்பி அறுவது பெரும்பாலும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான். மீட்டர் இல்லையென்றால் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கேபிளைக் கடன் வாங்கி மாட்டுங்கள், முடிந்தது வேலை.

கேபிள் மாற்றியும் மஞ்சள் போகவில்லையா? அணைத்த நிலையில், கேபிள் இல்லாமல், மானிட்டர் சாக்கெட்டில் 1க்கும் 6க்கும், 2க்கும் 7க்கும், 3க்கும் 8க்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளந்து பாருங்கள். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது எண்கள் வலமிருந்து இடமாக ஓடும், மறந்துவிடாதீர்கள். மூன்றும் ஏறக்குறைய 75 ஓம் காட்ட வேண்டும். நீலத்தில் மட்டும் எதுவும் காட்டவில்லை என்றால் சாக்கெட்டின் கால் போர்டிலிருந்து விட்டிருக்கிறது. அடிக்கடி இழுபடும் சாக்கெட்டில் வரும் டிரை சால்டர்தான் (ஈயப் பற்று விட்டுப்போவது) இது. சால்டரிங் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. மானிட்டரில் மூன்றும் சரியாக இருந்தால் அதே சோதனையைக் கணினியின் சாக்கெட்டிலும் செய்யுங்கள்.

கேள்வி: ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் பார்த்தால் நிறம் சரியாக இருக்கிறது. அப்படியானால் மானிட்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாமா?
— கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: முடியாது. விண்டோஸில் உள்ள 'நைட் லைட்' போன்றவை படம் கிராபிக்ஸ் கார்டை விட்டு வெளியேறும் கடைசிக் கட்டத்தில் நிறத்தை மாற்றுகின்றன. ஸ்கிரீன்ஷாட் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடும். அதனால் நைட் லைட் போட்டு திரை ஆரஞ்சாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் வெள்ளையாகவே வரும். ஸ்கிரீன்ஷாட்டிலும் நிறம் மாறியிருந்தால் சாஃப்ட்வேர்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். மாறாமல் இருந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை.

இதைவிட நல்ல சோதனை, கணினியை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் திரைக்குள் போவது. அங்கே விண்டோஸ் இன்னும் எழவில்லை. பயாஸிலும் அதே நிறம் இருந்தால் நைட் லைட், டிரைவர், கலர் புரொஃபைல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு கேபிளையும் மானிட்டரையும் பாருங்கள்.

கேள்வி: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திரை மட்டும் பழுப்பாகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. மின்னழுத்தம் காரணமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: இல்லை. அது நைட் லைட். 2017 முதல் விண்டோஸ் 10லேயே இருக்கிறது. நேரம் வைத்துத் தானாக எரியும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் அணைத்துவிடுங்கள். கூடவே மானிட்டரின் சொந்த மெனுவில் 'லோ புளூ லைட்', 'ஐ சேவர்', 'ரீடர்' என்ற பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் திரை டிக்காஷன் நிறத்துக்குப் போய்விடும்.

வீட்டுப் பேரப்பிள்ளைகள் கீபோர்டைத் தட்டி திரை திடீரென்று கறுப்பு-வெள்ளை ஆனால் அது வேறு: செட்டிங்ஸில் அந்தக் குறுக்குவழி இயக்கத்தில் இருந்தால், விண்டோஸ், கன்ட்ரோல், சி மூன்றையும் ஒன்றாக அழுத்தும்போது கலர் ஃபில்டர் மாறும். அதே மூன்றை மறுபடி அழுத்தினால் போய்விடும்.

கேள்வி: மினி கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரோடு இணைத்தேன். வெள்ளையெல்லாம் பச்சை, கறுப்பெல்லாம் ஊதா. இரண்டு கேபிள் மாற்றிவிட்டேன். மூன்றாவது வாங்கவா?
— வாசகர், பெங்களூரு

பதில்: வாங்காதீர்கள். விஜிஏ கேபிளுக்குச் சொன்ன "ஒரு கம்பி அறுந்தால் ஒரு நிறம் போகும்" கணக்கு இங்கே பெரும்பாலும் ஒத்துவராது. எச்டிஎம்ஐ டிஜிட்டல், கேபிள் கெட்டால் படமே வராது, அல்லது விட்டுவிட்டு வரும், அல்லது மினுக்கும் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். படம் தெளிவாக இருந்து நிறம் மட்டும் தலைகீழாக இருந்தால், இரண்டு கருவியும் வெவ்வேறு மொழி பேசுகின்றன.

எச்டிஎம்ஐயில் நிறத்தை இரண்டு விதமாக அனுப்பலாம். ஒன்று ஆர்ஜிபி: சிவப்பு, பச்சை, நீலம் நேரடியாக. இன்னொன்று ஒய்சிபிசிஆர்: ஒரு எண் வெளிச்சம், மற்ற இரண்டும் நிற வேறுபாடு. நிறமே இல்லாத வெள்ளைக்கும் கறுப்புக்கும் அந்த இரண்டு நிற எண்களும் நடுவில், 128ல் நிற்கும். பச்சை போக வேண்டிய தடத்தில் வெளிச்சமும், சிவப்பும் நீலமும் போக வேண்டிய தடங்களில் நிற எண்களும் பயணிக்கும். இதை மானிட்டர் ஆர்ஜிபி என்று நினைத்துப் படித்தால் வெள்ளை 'பச்சை முழுது, மற்றவை பாதி' என்று ஆகிறது. அதாவது வெளிர் பச்சை. கறுப்பு 'பச்சை பூஜ்யம், மற்றவை பாதி' ஆகிறது, அதாவது ஊதா. நீங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து இதுவே.

உங்களுக்கு நேர் எதிராக வெள்ளை இளஞ்சிவப்பாகவும் கறுப்பு பச்சையாகவும் தெரிந்தால், கணினி ஆர்ஜிபி அனுப்ப, மானிட்டர் அதை ஒய்சிபிசிஆர் என்று படிக்கிறது என்று பொருள்.

இரண்டையும் அணைத்து, மின் பிளக்கையும் எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்து மானிட்டரை முதலிலும் கணினியைப் பிறகும் போடுங்கள். இணையும் நேரத்தில்தான் "நான் இன்ன வடிவத்தில் அனுப்புகிறேன்" என்ற தகவல் போகிறது. அது தவறியிருந்தால் இதிலேயே சரியாகலாம். ஆகவில்லையென்றால் மானிட்டரின் சொந்த மெனுவில் 'இன்புட் கலர் ஃபார்மேட்' இருக்கிறதா பாருங்கள். டெல் மானிட்டர்கள் பலவற்றில் கலர் பகுதிக்குள் இருக்கும். அது ஒய்பிபிபிஆர் (ஒய்சிபிசிஆருக்கு அந்த மெனுவில் உள்ள பெயர்) என்று இருந்தால் ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். கணினிப் பக்கம் என்விடியா என்றால் கன்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் ரெசல்யூஷன்' பக்கத்தின் அடியில் அவுட்புட் கலர் ஃபார்மேட்டை ஆர்ஜிபி ஆகவும், டைனமிக் ரேஞ்சை 'ஃபுல்' ஆகவும் வையுங்கள். ஏஎம்டி சாஃப்ட்வேரில் டிஸ்ப்ளே பகுதியில் 'பிக்ஸல் ஃபார்மேட்' என்ற பெயரில் இதே தேர்வு இருக்கிறது.

அந்த டைனமிக் ரேஞ்ச் 'லிமிடெட்' என்று இருந்தால் 0 முதல் 255 வரை போக வேண்டிய எண்கள் 16 முதல் 235 வரை மட்டும் போகும். நிறம் மாறாது, ஆனால் கறுப்பு சாம்பல் பூசினதுபோல் வெளிறும். மானிட்டர் வயதாகிவிட்டது என்று இதை நினைத்துக்கொண்டே வருடக் கணக்கில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: போட்டோவைத் திறந்தால் மட்டும் வெள்ளைப் பின்னணி மஞ்சளாக இருக்கிறது. டெஸ்க்டாப், வேர்டு எல்லாம் சரி. வைரஸா?
— ஸ்டுடியோ உரிமையாளர், காரைக்குடி

பதில்: வைரஸ் அல்ல, தவறான கலர் புரொஃபைல். மானிட்டர் எப்படி நிறம் காட்டும் என்று விவரிக்கும் சிறு கோப்பு அது. மானிட்டரின் டிரைவரோடு சேர்ந்து வந்துவிடும், விண்டோஸ் அப்டேட் வழியாகவும் வரும். போட்டோ காட்டும் சில மென்பொருள்கள் அதை மதித்து நிறத்தைத் திருத்தும். வேர்டு போன்றவை கண்டுகொள்ளாது. கோப்பு தவறாக இருந்தால் மதிப்பவை மட்டும் மாட்டிக்கொள்கின்றன.

ஸ்டார்ட் பெட்டியில் 'கலர் மேனேஜ்மென்ட்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். டிவைசஸ் பக்கத்தில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்' பெட்டியில் டிக் போடுங்கள். 'ஆட்' அழுத்தி, பட்டியலில் எஸ்ஆர்ஜிபி ஐஈசி61966-2.1 என்பதைச் சேர்த்து அதையே டிஃபால்ட் ஆக்குங்கள். பழைய புரொஃபைலை 'ரிமூவ்' செய்யலாம். போட்டோ மென்பொருளை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும். இரண்டு மானிட்டர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: லேப்டாப் மூடியை ஒரு கோணத்தில் வைத்தால் திரை சரியாக இருக்கிறது, கொஞ்சம் சாய்த்தால் இளஞ்சிவப்பாகிறது. எச்டிஎம்ஐயில் வேறு மானிட்டர் மாட்டினால் எந்தக் கோணத்திலும் பிரச்சினை இல்லை.
— வாசகி, திருச்சி

பதில்: சோதனையை நீங்களே முடித்துவிட்டீர்கள். வெளி மானிட்டர் நன்றாக இருப்பதால் கிராபிக்ஸ் பகுதி சரி. கோணத்துக்கு ஏற்ப மாறுவதால் கீலுக்குள் போகும் டிஸ்ப்ளே கேபிள் அடிபட்டிருக்கிறது, அல்லது பேனலின் பின்புறக் கனெக்டர் தளர்ந்திருக்கிறது. பழைய எல்விடிஎஸ் வகை லேப்டாப்களில் ஒவ்வொரு கம்பி ஜோடியும் குறிப்பிட்ட நிறங்களின் பிட்டுகளைச் சுமக்கிறது. அதனால் ஒரு ஜோடி விட்டால் நிறம் மாறும். புதிய இடிபி வகையில் கேபிள் விட்டால் நிறம் மாறுவதைவிட திரை இருண்டு எரிவதுதான் அதிகம்.

கனெக்டரைக் கழற்றிப் பொருத்தினாலே சரியாவது உண்டு. ஆனால் சார்ஜரை எடுத்தால் மட்டும் போதாது, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிய பிறகே அதைத் தொட வேண்டும். பேட்டரி இணைந்திருக்கும்போது கேபிளை லேசாகக் கோணலாகச் செருகினாலும் மதர்போர்டில் பேக்லைட் ஃபியூஸ் போய்விடலாம். 200 ரூபாய் வேலை 2,000 ரூபாய் வேலையாவது இப்படித்தான். கடைக்காரர் பேட்டரியைக் கழற்றுகிறாரா என்று நின்று பாருங்கள்.

கேள்வி: 32 அங்குல எல்இடி டிவியைத்தான் மானிட்டராக வைத்திருக்கிறேன். நாலைந்து மாதமாகப் படம் முழுக்க நீலம் ஏறிக்கொண்டே போகிறது. மெனுவும் நீலம்தான்.
— வாசகர், மதுரை

பதில்: மெனுவும் நீலம் என்பதால் கேபிளை விட்டுவிடலாம். பேக்லைட்டில் உள்ள வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடி. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர்தான் வெள்ளையாக்குகிறது. சூட்டில் அந்தப் பூச்சு கெட்டால் அடியில் உள்ள நீலம் வெளியே வருகிறது. மெனுவில் நீலத்தைக் குறைத்துச் சில மாதம் ஓட்டலாம், ஆனால் வெளிச்சமும் கூடவே குறையும்.

நிரந்தர வழி எல்இடி ஸ்ட்ரிப்பை மாற்றுவது. மாற்றினால் உள்ளே இருக்கும் எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். கெட்டதை மட்டும் மாற்றினால் ஒரு பட்டை வெள்ளை, ஒரு பட்டை நீலம் என்று திரை தார்ப்பாய் மாதிரி ஆகிவிடும். மாற்றிய பிறகு பேக்லைட்டை 100ல் ஓட விடாதீர்கள். 50, 60 போதும். சூட்டைக் குறைத்தால் புதிய பூச்சு நீடிக்கும்.

எல்இடிக்கு முந்தைய, குழல் விளக்கு வைத்த எல்சிடி மானிட்டர்களில் கதை மாறும். அவை வயதானால் நீலமாகாது. போட்டவுடன் இளஞ்சிவப்பாக எரிந்து, பிறகும் மங்கலான மஞ்சளிலேயே நிற்கும். அவற்றுக்குச் செலவு செய்வது வீண்.

கேள்வி: டிடிபி மையத்தில் இரண்டு மானிட்டர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மஞ்சளாக, ஒன்று நீலமாக. எதை நம்பி லேபிளுக்கு நிறம் வைப்பது?
— டிடிபி மையம் நடத்துபவர், சிவகாசி

பதில்: இரண்டையுமே நம்பாதீர்கள். முதலில் ஒன்றுக்கொன்று பொருத்துங்கள்.

இரண்டையும் அரை மணி நேரம் ஓட விடுங்கள். போட்ட உடனே பார்க்கும் நிறம் நிலையான நிறம் அல்ல. இரண்டிலும் ஃபேக்டரி ரீசெட் செய்து, டைனமிக் கான்ட்ராஸ்ட், ஐ சேவர், ஆட்டோ பிரைட்னஸ் அனைத்தையும் அணையுங்கள். விண்டோஸில் எச்டிஆர் ஓடினால் அதையும். கலர் டெம்பரேச்சரை 6500 கே அல்லது எஸ்ஆர்ஜிபி என்று வைத்துப் பாருங்கள். பலருக்கு இதிலேயே வித்தியாசம் பாதியாகும்.

மிச்சத்துக்கு 'யூசர்' அல்லது 'கஸ்டம்' முறைக்குப் போனால் ஆர், ஜி, பி மூன்றுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். இரண்டு திரையிலும் முழு வெள்ளைப் பக்கம் போட்டு, நீலம் அதிகமாக உள்ள திரையில் நீலத்தை இரண்டு இரண்டாகக் குறைத்து வாருங்கள். தேவைப்பட்டால் பச்சையில் ஒன்றிரண்டு குறையுங்கள். குறைப்பது மட்டும்தான், எதையும் கூட்டாதீர்கள். கூட்டினால் அந்த நிறத்தின் உச்சிப் படிகள் எல்லாம் ஒன்றாகி, மேகம், சருமம் போன்ற வெளிர் பகுதிகள் தட்டையாகிவிடும். அதனால்தான் மோசமான திரையை நல்லதாக்கப் பார்க்காமல், நல்ல திரையை அதற்கு அருகில் இறக்கச் சொல்கிறோம். எரிச்சலாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. வெள்ளை பொருந்திய பிறகு பிரைட்னஸைச் சமப்படுத்துங்கள். பிறகு நடு சாம்பல் நிறப் பக்கம் போட்டு மறுபடி பாருங்கள்.

ஒன்று டிஎன் பேனல் என்றால் இந்த உழைப்பு வீண். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பாருங்கள்; தலை ஏற ஏற நிறம் புரண்டால் அது டிஎன். அதில் மெயிலும் டைப்பிங்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை ஐபிஎஸ் (கோணம் மாறினாலும் நிறம் அவ்வளவாகப் புரளாத வகை) மானிட்டரில் மட்டும் பாருங்கள்.

லேபிள் வேலைக்குக் கண்ணால் பொருத்துவது போதாது. திரைமேல் வைத்து அளக்கும் கலரிமீட்டர் ஒன்று வாங்கி இரண்டையும் அளந்து புரொஃபைல் செய்யுங்கள். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் போதும். அச்சான தாளைத் திரையோடு ஒப்பிடும் இடத்தில் வெளிச்சமும் முக்கியம். அச்சுத் துறையின் ஐஎஸ்ஓ 3664 தரம், தாளை டி50 என்ற, ஏறக்குறைய 5000 கே ஒளியில் பார்க்கச் சொல்கிறது. நம் கடைகளில் தொங்கும் 6500 கே 'கூல் டேலைட்' டியூப்லைட்டில் அதே தாள் நீலம் பூசியே தெரியும். பிறகு மானிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று: அச்சு மையின் சுத்த சயான், எஸ்ஆர்ஜிபி என்ற சாதாரண மானிட்டர்களின் நிற எல்லைக்கு வெளியே இருக்கிறது. சாதாரண மானிட்டரில் எவ்வளவு திருகினாலும் அது வராது. அதற்கு ஷேடு கார்டைத்தான் (மை நிறங்களை அச்சிட்டுக் காட்டும் அட்டை) பார்க்க வேண்டும்.

கேள்வி: கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிகிறது. படங்கள் சரி.
— வாசகர், கொழும்பு

பதில்: கிளியர்டைப். எழுத்தைக் கூர்மையாக்க விண்டோஸ் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்துகிறது. உங்கள் பேனலில் அந்த வரிசை திரும்பியிருந்தாலோ, மானிட்டரைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தாலோ ஓரம் கசியும். முதலில் ரெசல்யூஷன் 'ரெகமண்டட்' என்பதில் இருக்கிறதா பாருங்கள். பிறகு 'அட்ஜஸ்ட் கிளியர்டைப் டெக்ஸ்ட்' தேடித் திறந்து, காட்டும் பெட்டிகளில் தெளிவாகத் தெரிவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். டிவியை மானிட்டராக்கியிருந்தால் டிவியில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகள் அப்போதுதான் நிறத் தகவலைக் குறைக்காமல் முழுதாகக் காட்டும்.

கேள்வி: பழைய குண்டு மானிட்டரின் மூலையில் பச்சைத் திட்டு. ஸ்பீக்கரை நகர்த்திய பிறகும் போகவில்லை.
— வாசகர், ஈப்போ

பதில்: ஸ்பீக்கரின் காந்தம் உள்ளே உள்ள இரும்புத் தகட்டைக் காந்தமாக்கிவிட்டது. மெனுவில் 'டிகாஸ்' (காந்தத்தை நீக்கும் வசதி) இருந்தால் ஒருமுறை அழுத்துங்கள். 'டொம்' என்று ஒரு சத்தம், படம் ஒரு குலுங்கல். உடனே மறுபடி அழுத்தினால் வேலை செய்யாது. உள்ளே உள்ள தெர்மிஸ்டர் ஆற இருபது முப்பது நிமிடம் வேண்டும். மூன்று நான்கு தடவை செய்தும் திட்டு இருந்தால் டிவி மெக்கானிக்கிடம் இருக்கும் வளையமான டிகாஸ் காயிலைக் கொண்டுதான் எடுக்க வேண்டும். மூடியை நீங்கள் திறக்காதீர்கள்; கலர் டியூபின் ஆனோடில் 25,000 வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் தங்கியிருக்கும்.